சட்டைப் பையில் பச்சை மை

என்னிடம் ஒரு வெளிர்நீலச் சட்டை இருக்கிறது. பேஸ்போல் ஆட்டங்களில் நடுவர்கள் போடுகிற சட்டை. அதன் இடதுபக்கப் பையின் அடியில், பெருவிரல் அகலத்தில் ஒரு பச்சைக் கறை. சட்டையை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கும்படி மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கறை போக்கும் திரவம் ஒன்றைக்கூட வாங்கிவந்து உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே வைத்தாள். நான் அதை எடுத்துக் கராஜில் ஒளித்துவிட்டேன். அந்தக் கறை எனக்கு வேண்டும். அதற்காக நான் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவன்.

அது கோச்சின் பேனை மை. ரொறன்ரோவில் கல்லூரி பேஸ்போல் தெரிந்த எவரிடமும் ‘கோச்’ என்று மட்டும் சொன்னால் போதும், யாரென்று விளங்கிவிடும். ஒரே கல்லூரியில் முப்பது வருடத்துக்குக் கிட்டத் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர். அந்தக் கல்லூரியின் உள்ளரங்கச் சுவரில் தொங்கும் வெற்றிக் கொடிகளில் முக்கால்வாசி அவர் காலத்தவை. கார் தரிப்பிடத்துக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த நிலத்தை மைதானமாக்கியது அவர்தான். அவர் திறமை இல்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. சொல்ல ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். பந்தெறிபவனின் தோள் அசைகிற விதத்தைப் பார்த்தே வரப்போவது என்ன பந்து என்று சொல்லிவிடுவார். ஒக்ரோபர் குளிரில் கையுறை இல்லாமல் நின்று, அவரிடம் ஆடிய எங்களுக்காக நூறு பந்து அடித்துத் தருவார். அப்படிப்பட்டவர் ஒரு சிறிய பிழையைத் தன் பிழை என்று ஒப்புக்கொள்ளாமல் விட்டார். அதைத்தான் நான் மறக்கவில்லை.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கிரிக்கெட்டில் அடுத்து யார் மட்டையோடு போவது என்பதை அந்த நேரத்திலும் மாற்றலாம். இங்கே முடியாது. ஆட்டம் தொடங்கமுன் இரண்டு கோச்சும் நடுவரிடம் வந்து, ஒன்பது பேரும் எந்த வரிசையில் அடிப்பார்கள் என்று எழுதிய அட்டையைக் கொடுக்கவேண்டும். நடுவரின் சட்டைப் பைக்குள் போன அந்த அட்டைதான் சட்டம். வரிசை மாறி ஒருவன் அடித்துவிட்டு, அடுத்த பந்துக்கு முன் எதிரணி அதைச் சுட்டிக்காட்டினால், அவன் அடித்த அடி இல்லையென்று ஆகி, ஒருவர் ஆட்டமிழந்ததாகவும் கணக்காகும். எதிரணி கண்டுபிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. தெரிந்தாலும் நடுவர் வாய் திறக்கக்கூடாது.

மற்றக் கோச்மார் வரிசையை உதவியாளரிடம் கொடுத்து எழுதுவிப்பார்கள், சரிபார்ப்பார்கள். எங்கள் கோச் எவரையும் தொடவிடமாட்டார். காலையிலேயே பச்சை மையால் ஒரு பட்டியல் எழுதி, வீரர்கள் இருக்கும் கொட்டிலின் சுவரில் ஒட்டுவார். நடுவருக்கான அட்டையை ஆட்டத்துக்குச் சற்று முன், முழங்காலில் வைத்து, சுவரைத் திரும்பியும் பாராமல் ஞாபகத்திலிருந்து எழுதுவார். அதன் கீழ்ப்பிரதி எதிரணிக்குப் போகும். பார்த்து எழுதுவது அவருக்குக் கௌரவக் குறைவு.

நான் அவருடைய அணியில் இரண்டாம் வருடம் ஆடிக்கொண்டிருந்தபோது அரையிறுதிக்கு வந்தோம். அப்பா அன்றுதான் முதல்முறையாக என் ஆட்டம் பார்க்க வந்தார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் அவருக்கு வேலை. வேறொருவரோடு சிஃப்ற் மாற்றிக்கொண்டு, வேலைச் சப்பாத்தோடேயே வந்து, இடதுபக்க வேலியடியில் நின்றார். சுவரில் இருந்த பட்டியலில் என் பெயர் ஐந்தாவது. கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது நான் அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவால் ஓடியது, எங்கள் ஆள் சுற்றி ஓடி, ‘வீடு’ என்று சொல்கிற அடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தான், ஒரு ஓட்டம். எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள் இருந்து தலையை நிமிர்த்தி வேலிப்பக்கம் பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். அவரை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அப்போதுதான் எதிரணிக் கோச் அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்துவந்து நடுவரிடம் ஏதோ சொன்னார். நடுவர் அட்டையை எடுத்தார். அட்டையில் நான் ஆறாவது. என் அடி செல்லாது என்றார். சமநிலை என்பதால் மேலதிகமாக ஆடிய அடுத்த இன்னிங்ஸில் தோற்றோம். அதுகூடப் பரவாயில்லை. கோச் என்னை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, பட்டியலை வாசிக்கத் தெரியாதா உனக்கு என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். நான் சுவரைக் காட்ட ஓடினேன். சுவரில் பட்டியல் இல்லை, ஒட்டிய ரேப்பின் நான்கு துண்டுகள் மட்டும் இருந்தன. கத்துவதற்கு முன்பே கழற்றிவிட்டார். மற்றப் பெடியள் எல்லோரும் அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள்தான். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அடுத்த பருவம் என்னை அணியில் எடுக்கவில்லை.

அன்றைக்குக் காரில் போகும்போது நடந்ததை அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். ஹைவேயில் ஏறியதும் அப்பா சொன்னார்: “அவ்வளவு பெரிய மனுசன் ஏன் பொய் சொல்லப்போறார்? நீ வடிவாப் பாத்திருக்கமாட்டாய்.” கோச் கத்தியது காதோடு போயிருக்கும். இது போகவில்லை. அதன்பிறகு அப்பாவோடு நான் பேஸ்போல் கதைத்ததே இல்லை.

கோச் அத்தோடும் விடவில்லை. அந்தச் சம்பவத்தை ஒரு பகிடிக் கதையாக்கி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பெற்றோர் கூட்டம், பயிற்சி முகாம், விருது விருந்து என்று எங்கே மைக் கிடைத்தாலும் ‘பட்டியல் வாசிக்கத் தெரியாத பையன்’ கதை வரும். பெயர் சொல்லமாட்டார், பெருந்தன்மையாம். மார்க்கம் நகரத்தில் நான் வேலைசெய்யும் நிறுவனம் ஒருமுறை அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் பேசவைத்தது. நான் மூன்றாவது மேசையில் இருந்தேன். ‘பையனுக்கு ஒருவேளை ஆங்கில எழுத்தே தெரியாதோ என்று யோசித்தேன்’ என்று சொல்லி நிறுத்தினார் கோச். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன் என் முழங்கையை இடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்காக என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வருடமே நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். விளையாட்டின் மேல் உள்ள அன்பால் என்று மற்றவர்களிடம் சொல்லுவேன். உண்மை அதுவல்ல. என்றோ ஒரு நாள் அந்த மனிதர் பிழையாக எழுதிய அட்டை ஒன்றை என் கையில் தரவேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தொடங்கி, சனி ஞாயிறுகளில் வெயிலிலும் தூறலிலும் நின்று, தாய்மாரிடம் ஏச்சு வாங்கி, மெல்ல மெல்லக் கல்லூரி ஆட்டங்கள் வரைக்கும் வந்தேன். கோச்சின் ஆட்டங்களும் சில கிடைத்தன, ஆனால் அட்டை சரியாகவே இருந்தது. நடுவர்களை இங்கே ‘புளூ’ என்று கூப்பிடுவார்கள், சட்டையின் நிறத்தை வைத்து. அவரும் என்னை ‘புளூ’ என்றுதான் கூப்பிட்டார். ஒருமுறைகூட முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், அவர் ஓய்வுபெறப்போகும் பருவத்தின் இறுதியாட்டம். தூறிக்கொண்டிருந்தது. கோச் முழங்காலில் வைத்து எழுதி, மை காயமுன் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் பையில் வைத்தேன். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்தாவதாக ஒரு மெலிந்த பையன் வந்து நின்றான். சட்டை இலக்கத்தை அட்டையோடு ஒப்பிட்டேன். அட்டையில் அவன் ஆறாவது. அட்டையைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். சந்தோசத்தில்தான்.

அவன் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் அப்படித்தான். எதிரணி ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரக் கோச் என்றால் அவன் நல்ல அடி அடிக்கும்வரை பொறுத்திருப்பார், தானாக ஆட்டமிழக்கிறவனைச் சுட்டிக்காட்டி என்ன பயன். ஆனால் இவர் கெட்டிக்காரரா, கவனமில்லாதவரா என்று எனக்குத் தெரியவில்லை. வாய் திறக்க விதி விடாது. அட்டையைப் பார்க்க விதி தடையில்லை. இன்னிங்ஸ் இடைவேளையில் எதிரணிக் கொட்டிலைப் பார்த்தபடி நின்று, பையிலிருந்து அட்டையை எடுத்து, ஐந்தாம் ஆறாம் பெயர்களின் மேல் விரலை வைத்து, தேவைக்கு மேலே நேரம் பார்த்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எதிரணிக் கோச் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பின்பைக்குள் கைவிட்டுக் கீழ்ப்பிரதியை எடுத்தார்.

கடைசி இன்னிங்ஸ். கோச்சின் பெடியள் ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறார்கள், இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, ஓடுவதற்கு இருவர் காத்து நிற்கிறார்கள். மெலிந்த பையன் அடித்த பந்து வேலிவரை போனது. இருவரும் வீடு வந்தார்கள். கோச் தொப்பியை மேலே எறிந்தார். பையனை எல்லோரும் தூக்கிவைத்துக் கூத்தாடினார்கள். அந்த நேரம் எதிரணிக் கோச் தன் கொட்டிலில் இருந்து இறங்கி ஆறுதலாக நடந்துவந்தார். அந்த நடையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் கேட்டார், நான் அட்டையை எடுத்தேன், அடி செல்லாது, மூன்றாவது ஆளும் ஆட்டமிழந்த கணக்கு என்று கையைத் தூக்கினேன். ஆட்டம் முடிந்தது. கோச்சின் கடைசி ஆட்டம், தோல்வி. எனக்கு அப்படி இனித்தது.

அந்த இனிப்பு அரை நிமிடம்தான் இருந்தது. கோச் பையனின் தோளைப் பிடித்து நிறுத்தி, பட்டியலை வாசிக்கத் தெரியாதா உனக்கு என்று கத்தினார். ஒரு சொல் மாறவில்லை. பையனின் தலைக்கவசம் நழுவி விழுந்தது. வேலிக்கு அப்பால் ஒருவர் கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பையனின் அதே மூக்கு. நான் கோச்சைக் குறிவைத்தேன், அடி விழுந்தது பையனில். அதுவும் என் விரல் காட்டிக்கொடுத்ததால்.

மைதானத்தை விட்டு வெளியேறும்வரை நடுவரின் அதிகாரம் செல்லும். நான் அவர்களிடம் போகமுதலே உதவிக் கோச் ஒருவர் கொட்டில் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே நிற்கச் சொன்னேன். சுவரில் உள்ள பட்டியலைக் கழற்றிக்கொண்டு வா என்று பையனை அனுப்பினேன். அவன் கொண்டுவந்தான். என் பையிலிருந்த அட்டையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, ஐந்தாவது பெயரையும் ஆறாவது பெயரையும், வேலியடிவரை கேட்கும்படி இரண்டிலிருந்தும் வாசித்தேன். இரண்டும் பச்சை மை, ஒரே கையெழுத்து. பையன் பட்டியலைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான், அட்டையை எழுதியவர்தான் சுவரைப் பார்க்கவில்லை என்றேன். பெற்றோர் வேலியோடு நெருங்கி வந்துவிட்டார்கள்.

கோச் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் வரக்கூடிய பிழைதானே, புளூ, என்றார். நீங்கள் இருபது வருடமாகக் கதை சொல்லுகிற அந்த வாசிக்கத் தெரியாத பையன் நான்தான் என்றேன். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஆளை அடையாளம் தெரியவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் நான் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் நிலத்தைப் பார்த்தார். அந்தக் காட்சியை நான் இன்றும் வேண்டியபோதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், அலுக்கவேயில்லை.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் முன் கொண்டுபோய் வைக்கவேண்டும், இப்போது வடிவாகப் பாருங்கள் என்று சொல்லவேண்டும். இத்தனை வருடமும் மனதில் ஒத்திகை பார்த்தது அதைத்தான். கையில் அட்டை இருந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அட்டையையும் பட்டியலையும் சேர்த்து அவனிடம் கொடுத்து, வேலியடியில் நிற்கிறவரிடம் முதலில் காட்டு என்றேன். மனமில்லாமல்தான் கொடுத்தேன்.

கோச்சுக்குப் பிரியாவிடை விருந்து பெரிதாகத்தான் நடந்தது. அழைப்பிதழில் அவர் வென்ற கோப்பைகளின் பட்டியல் இருந்தது. போனவர்களிடம் துருவித் துருவிக் கேட்டேன். அந்தப் பகிடிக் கதையை மட்டும் அவர் சொல்லவில்லையாம். இப்போது வந்திருக்கும் புதிய கோச் அட்டையைக் கணினியில் அச்சடித்துத் தருகிறார். அந்தக் கல்லூரி மைதானத்தில் எனக்கு ஆட்டம் விழும் நாளில் இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். கறை என்ன என்று யாராவது கேட்டால் விளக்கமாகச் சொல்லுகிறேன். ஆறிவிடு என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். ஆறினால் சொல்லுகிறேன்.

இறுதியாட்டம் முடிந்ததும் நான் நேரே போனது அஜின்கோர்ட்டில் அப்பா இருக்கும் அப்பார்ட்மென்டுக்கு. ஈரச் சட்டையோடு கதிரையில் இருந்து முழுவதையும் சொன்னேன். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

“கார்ட்டைக் கொண்டந்தனியோ?”

“இல்லை. அந்தப் பெடியனிட்டைக் குடுத்திட்டன்.”

“அவன்ரை தேப்பனும் வந்தவரோ?”

“ஓம். வேலியடியில நிண்டவர்.”

“அவர் பாத்தவரோ?”

“வடிவாப் பாத்தவர்.”

அப்பா எழும்பி வந்தார். என் சட்டைப் பையின் அடியில், மழையில் ஊறி அட்டையிலிருந்து இறங்கியிருந்த மையை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை ஒட்டியிருந்தது.

“உது அந்தாளின்ரை மையோ?”

“ஓம்.”

“தோய்க்க விடாதை,” என்றார் அப்பா.