தறி நின்ற தெரு

திருத்தணி சுற்றுவட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்வது என் பிழைப்பு. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு வழி சொல்வதும், லுங்கி தள்ளுபடியைக் கூவுவதும், மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை படிப்பதும் இதே குரல்தான். குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதைச் சட்டை செய்யாத ஒரே தெரு என் அக்கா வாழ்க்கைப்பட்ட தெரு. பொதட்டூர்பேட்டைக்கு அப்பால், ஆற்றை ஒட்டி, வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஆந்திரா பக்கம் அணையைத் திறந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அக்கா வீட்டில்தான். ஆனால் தறிச் சத்தத்தில் என் மைக் எடுபடாது. எடுபட்டாலும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, சிரிப்பார். போன மழைக்கு ஒரு அரசு அலுவலகம் பயப்பட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது, இன்னொன்று உடனே வெளியேறச் சொன்னது. இரண்டையும் நான்தான் படித்தேன்.

"காலைல பயப்படாதன்ற, சாயந்தரம் ஓடுன்ற. முதல்ல நீ ஒரு முடிவுக்கு வா மச்சான்," என்று பாவா தறிக்குத் திரும்பிவிட்டார். அன்று தண்ணீர் வாசல்வரை வந்து போனது. அதன்பிறகு மேகம் திரண்டாலே எனக்கு அக்கா வீட்டு வாசல்தான் நினைவுக்கு வரும்.

இந்த வருஷம் எல்லா அலுவலகமும் சேர்ந்து ஒரே ஒரு வாசகம் கொடுத்தார்கள்: மாலைக்குள் அணை திறக்கப்படும், ஆற்றங்கரைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு சொல்லும் மாற்றக் கூடாதாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது பத்தியச் சாப்பாடு. காலையிலிருந்து தூறலில் அதையே சொல்லிச் சொல்லி, மலை மேகத்துக்குள் போனதும் வயல்கள் வெளுத்ததும் கனவில் நடப்பதாகத் தோன்றின. வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது; நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

மதியம் அக்கா தெருவுக்குள் திரும்பியபோது ஏதோ குறைந்தது. தறிச் சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தத் தெருவில் அமைதிக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் அக்கா வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாவா நூல் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இருக்குது. நாங்கதான் நிறுத்திட்டோம்," என்றாள் அக்கா. "தெலுங்கு டிவிலயும் இதேதான், மசூதி மைக்லயும் இதேதான். நீயும் ஒரு வார்த்தை மாத்தாம சொல்லிகினு வர்றன்னு பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. அதான் பயமாயிடுச்சி."

அக்கா பையோடு ஆட்டோவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே வாசகத்தை மறுபடி சொன்னேன். அந்தத் தெருவில் என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.