பாறையில் நான் பாடிய அடிக்குக் கிடைத்த பதில்

சபையாரே, போன வருஷம் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் என் மனைவியின் ஒரே தம்பி என் மடியில் செத்துப்போவான் என்று நான் நிச்சயமாக நம்பினேன். பாபநாசத்துக்கு மேலே, சர்க்கார் காட்டில், ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் இருந்தோம். அவன் காலெலும்பு முறிந்து கிடந்தது. ஆறு ஏறிக்கொண்டே வந்தது.

நான் பாளையங்கோட்டையில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவன். எனக்கும் காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மச்சினன் செல்லையா பள்ளிக்கூட வாத்தியார். துரைமார் கூடாரம் அடித்து மலையில் தங்குகிறார்களே, நாமும் இரண்டு நாள் தங்கிப் பார்ப்போம் என்று மாதக்கணக்காகத் தொணதொணத்தான். மழை விட்டு வெயில் அடித்த வாரத்தில் சரி என்றேன். காட்டுக் காவலரிடம் அனுமதி வாங்கினோம். கூடாரத்துக்குக் கடையிலிருந்த படுதா. கரடிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். குடையை விரித்தால் ஓடிவிடும் என்றான். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் குடையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் சுகமாகக் கழிந்தது. இரண்டாம் நாள் பொழுது சாயும்போது தண்ணீர் மொள்ளப் பாறையில் இறங்கினோம். எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் இருந்தது. மேல்மலையில் பெய்த மழை எங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்ததைப் பார்த்து நான் கத்தினேன். என் சத்தத்தில் திடுக்கிட்டுச் செல்லையா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். காட்டாறு அவனை ஒன்றும் செய்யவில்லை, அத்தான் நான்தான் செய்துவிட்டேன்.

அவனைத் தூக்கப் பார்த்தேன். முதல் தடவை என் வயிறு குறுக்கே வந்தது. இரண்டாம் தடவை இருவருமாக உருண்டோம். அவன் வலியில் வெளுத்துப்போனான். கரை செங்குத்து. தண்ணீர் பாறையின் அடியை நக்கியது, பிறகு இடுக்கில் ஏறியது.

"நீங்க மேல ஏறிருங்க அத்தான். அக்காட்ட பைய சொல்லிக்கிடுங்க" என்றான்.

"உங்கக்காட்ட நான் என்னலே சொல்ல? அதுக்கு இந்த ஆத்துலயே கிடந்துக்கிடுதேன்" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. நாற்பத்தைந்து வருஷமாகக் கோயிலுக்குப் போகிறவன் வாயில், பந்தியில் சொல்லும் ஜெபம்தான் வந்தது. "கர்த்தாவே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்" என்றேன்.

செல்லையா கண்ணைத் திறந்து பார்த்தான். "அத்தான், ஆகாரம் நாமதானா?" என்றான்.

அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. "ஆண்டவரே, என்னால் முடியாது. யாரையாவது அனுப்பும்" என்று அழுதேன். பிறகு பயத்தில், எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் பாடுகிற கீர்த்தனையை உரக்கப் பாடினேன். என் பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரர் இருமுவார்.

ஒரு அடி பாடி மூச்சு வாங்கினேன். மேலே மரங்களுக்குள்ளிருந்து அதே அடி திரும்பி வந்தது. மலையின் எதிரொலி என்று நினைத்தேன். அடுத்த அடி பாடினேன். அதுவும் வந்தது. அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதிரொலியாக இருந்தால் என் தப்பு ராகத்திலேயே அல்லவா திரும்ப வேண்டும்? வந்தது சரியான ராகம்.

நம் கிராமத்துக் கோயில்களில் எழுத்துத் தெரியாதவர்களுக்காக உபதேசியார் ஒரு அடி பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். நமக்குப் பழகிப்போன வழக்கம். அன்று அந்தக் காட்டில் மூங்கில் வெட்ட வந்தவர்களில் ஞானமுத்து என்ற நம் ஜனம் ஒருவர் இருந்தார். அடியைக் கேட்டதும் வாய் தன்னால் திருப்பிப் பாடிவிட்டதாம். பாடிய பிறகுதான், காட்டில் ஏது கோயில் என்று யோசித்திருக்கிறார்.

நான் தொண்டை கிழியப் பாடினேன். அவர் பதில் பாடிக்கொண்டே நெருங்கினார். கரையில் தலை தெரிந்ததும் முதலில் கேட்டது, "யாருவே ராகத்த இப்படிக் கொல்லுதது?" கீழே கிடந்தவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூட இருந்தவர்களைக் கூப்பிட்டார். மூங்கிலை வெட்டி, எங்கள் கூடாரத்துப் படுதாவைத் தூளியாகக் கட்டி, செல்லையாவை மேலே ஏற்றினார்கள். என்னையும்தான். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை; தண்ணீர் மட்டும் ஓடியது.

இப்போது செல்லையா சற்றே சாய்ந்து நடக்கிறான், நன்றாகவே பாடம் நடத்துகிறான். அவன் கோயிலுக்குள் நுழையும் ஒவ்வொரு ஞாயிறும் என் கண் நிறைகிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முன்பெல்லாம் ஒருவர் கஷ்டம் சொன்னால் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டு நகர்வேன். இப்போதும் வேடிக்கை சொல்லுகிறேன், நகர்வதில்லை.

தண்ணீர் ஏறுகிற இடத்தில் இருக்கிறவர்களே, ஜெபம் அழகாக வரவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். அவர் அனுப்புகிற ஆள் நீங்களாக இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் வேகமாக இறங்கி வாருங்கள்.