‘பார்’ என்று பெயர் வைத்தேன், அது அழித்தது

ஓப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுபவருக்குக் கணக்கு கொஞ்சம் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. பெயர் வைக்க வராவிட்டால் ஊரார் வாயில் விழவேண்டியதுதான்.

கொக்குவிலில் ஒரு மேல்மாடியில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். வெங்காயக் கொட்டிலுக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் சின்னக் கருவிப் பெட்டிகள் செய்கிறோம். அவற்றை இயக்கும் சிஸ்டமும் எங்களுடையதே. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஃபங்ஷன் என்று ஒரு கட்டளைத் துண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் செய்யும். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று எவரும் திறந்து பார்ப்பதில்லை. பெயரை நம்பித்தான் கூப்பிடுகிறோம். இதே தொழிலில் அடிபட்டவர்களுக்கு மிச்சம் சொல்லாமலே விளங்கும்.

நித்திரை

சுன்னாகத்தில் தவம் அண்ணையின் கொட்டிலில் ஒரு பெட்டி பூட்டினோம். மணிக்கொருதரம் ஈரப்பதத்தை அளக்கவேண்டும். மற்ற நேரம் ஓய்வு. ஓய்வுக்கு நான் எழுதிய ஃபங்ஷனின் பெயர் ‘ஸ்லீப்’. அவசரத்தில் எழுதியதால் அது உறங்கவில்லை. மணி முடியுமட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்கில் நிற்கவேண்டிய பட்டரி நாலாம் நாள் செத்தது. புதுப் பட்டரி போட்டுப் பார்த்த தவம் அண்ணை, பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“உது நித்திரை கொள்ளுதெண்டு சொன்னனீங்கள், தங்கச்சி. தொட்டுப்பாருங்கோ, காய்ச்சல்காரன் மாதிரியெல்லே சுடுது!”

விளக்கு

சிரித்தேன், திருத்தினேன், பாடம் மட்டும் படிக்கவில்லை. அடுத்தது வள்ளத்துப் பெட்டி. ஆபத்தென்றால் சிவப்புப் பட்டனை அமத்தவேண்டும். கரைக்குச் செய்தி போகும். பட்டன் அமத்தப்பட்டதா என்று பார்க்க ‘செக் அலாரம்’, அதாவது ‘அலாரத்தைப் பார்’ என்றொரு ஃபங்ஷன் எழுதினேன். ஒரே செய்தி இரண்டுதரம் போகக்கூடாதென்று, பார்த்த கையோடு பட்டன் அமத்திய பதிவை அழிக்கவும் வைத்தேன். அழிக்கிற சங்கதி பெயரில் இல்லை. பக்கத்து மேசைத் தர்சினி, பட்டனை அமத்தினால் பெட்டியில் விளக்கு எரியவைக்க அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டாள். விளக்குப் பகுதி முந்திப் பார்த்து அழித்துவிட்டது. செய்தி அனுப்பும் பகுதி வந்து பார்த்தபோது ஒன்றுமில்லை. இரண்டையும் தனித்தனியே சோதித்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

வல்வெட்டித்துறைக் குணம் அண்ணை பெட்டியோடு கடலுக்குப் போனார். வலை சுற்றி எஞ்சின் நின்றது. பட்டனை அமத்தினார், விளக்கு எரிந்தது. கொஞ்சத்தில் ஒரு வள்ளம் கூப்பிடு தூரத்தில் போனது, அவர் கூப்பிடவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போக, பின்னேரம்தான் வேறொரு வள்ளம் தற்செயலாகக் கண்டு கட்டி இழுத்து வந்தது. மன்னிப்புக் கேட்கப் போன எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்:

“விளக்கு எரியாட்டில் அந்த வள்ளத்தைக் கூப்பிட்டிருப்பன். எரிஞ்சபடியால்தான் நம்பி இருந்தனான்.”

ஆர் பிழை

கடைசியாகச் சேர்த்தது தர்சினியின் விளக்கு. அதனால் பிழையும் அவளுடையதென்று எங்கள் பொறுப்பாளர் மோகன் அண்ணை முடிவுகட்டினார். எனக்குச் சந்தேகம் இருந்தும் அவளுக்காகப் பேசவில்லை. அடுத்தநாள் காலை நான் எழுதிய ஃபங்ஷனைத் திறந்தேன். அழிக்கிற வரி அப்படியே கிடந்தது. மோகன் அண்ணையிடம் போய், “பிழை என்ரை. பெயர் பொய் சொல்லுது” என்றேன். பிறகு தர்சினியிடம் வந்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“‘பார்’ எண்டெல்லே எழுதி வைச்சிருந்தனி. நான் பாக்கத்தான் கூப்பிட்டனான், அழிக்க இல்லை.”

இரண்டு பெயர்

அன்றே இருவரும் அதைப் பிரித்தோம். ஒன்று பார்க்கும், அவ்வளவுதான். மற்றது ‘பதிவை எடுத்து அழி’. அதை அனுப்பும் பகுதி மட்டும் கூப்பிடலாம். பெயரைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப்பார்த்துவிட்டே ஆங்கிலத்தில் எழுதினோம். ‘பார்க்கவும் அழிக்கவும்’ என்று இடையில் ‘உம்’ வந்தால் அது இரண்டு வேலை, பிரிக்கவேண்டும். “பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னால் சாதகத்தையே எழுதுறியள்” என்று மோகன் அண்ணை முணுமுணுத்தார்; ஆனால் அந்தப் பெயர்களை அழிக்கவில்லை. கரையிலிருந்து பதில் வந்த பிறகே எரியும்படி விளக்கையும் தர்சினி மாற்றினாள்.

குணம் அண்ணை பெட்டியைத் திரும்ப வாங்குவாரென்று நாங்கள் நினைக்கவில்லை. வாங்கினார். எங்கள் முன்னாலேயே பட்டனை அமத்தி, விளக்கு எரியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இனி எரிஞ்சால் ஆள் வருது எண்டு அர்த்தம். உதை மட்டும் மாத்திப்போடாதேங்கோ.”

இப்போதெல்லாம் ஒரு பெயருக்கு நான் அரைநாள் எடுக்கிறேன். அலுவலகத்தில் சோம்பலென்று நினைத்து அதற்கு வைத்திருக்கிற பெயர் வேலைப் பஞ்சி.