எல்க் மந்தைக்கு வழி சொன்னது

மேற்கு டெக்சாஸில் மலையடிவாரத்துக் கேஸ் ஸ்டேஷன். மகன் ரவி காருக்குப் பெட்ரோல் போடுகிறான். பிக்கப் வண்டியிலிருந்து இறங்கும் தொப்பிக்காரர், "வர்ற வழியில எல்க் மான் ஏதாவது பார்த்தீங்களா, சார்?" என்று என்னைக் கேட்கிறார்.

வழி கேட்டவரைக் கடைசித் திருப்பம்வரை கொண்டுபோய் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். காற்றாலை, உடைந்த வேலி, அதற்குப் பின்னால் ஓடை, அங்கே குட்டிகளோடு பெரிய மந்தை என்று கையை ஆட்டி விவரமாகச் சொல்கிறேன்.

"என் நிலம்தான் அது. அதுங்க என் மாட்டுக்குப் புல்லே மிச்சம் வைக்கிறதில்ல," என்கிறார். அப்போதுதான் வண்டிக்குள் கிடக்கும் துப்பாக்கியைக் கவனிக்கிறேன்.

"இது வேட்டை சீசனா?"

"எல்க்குக்கு இனிமே சீசனே கிடையாது. சட்டத்தை மாத்திட்டாங்க. எப்ப வேணும்னாலும் சுடலாம்."

"அப்பா, அவ்ளோ டீடெயிலா எதுக்குப்பா சொன்னீங்க?" என்று ரவி முணுமுணுக்கிறான்.

தொப்பிக்காரர் நன்றியோடு என் கையைக் குலுக்குகிறார். "சாயங்காலம் இங்க இருந்தா ஒரு தொடை உங்களுக்குத்தான்."

குட்டிகளையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சத்தான் நினைக்கிறேன். அவர் வண்டியைக் கிளப்பாமல், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாங்க சைவம்," என்கிறேன்.