சிவப்புக் கோட்டைத் தாண்டிய புள்ளி

கன்ட்ரோல் சார்ட்டைப் படித்துப் பாஸானவள்தான் நான். ஆனாலும் திருமங்கலம் ரோட்டில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சார்ட் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. மணிக்கு ஒருமுறை, வெட்டிய குழாய்களில் ஐந்தை எடுத்து நீளம் அளந்து, சராசரியைப் புள்ளியாக வைக்க வேண்டும். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவே புள்ளி ஆடினால் அது மெஷினின் இயல்பு, விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டினால் ஏதோ தனிக் காரணம் இருக்கிறது, தேடியாக வேண்டும்.

எங்கள் புள்ளி தினமும் தாண்டியது. அதுவும் திங்களன்று காலையில், செவ்வாயன்று சாயங்காலம், புதனன்று சாப்பாட்டு நேரத்தில். வெயிலா என்றால் இல்லை. கரண்டா என்றால் அதுவும் இல்லை. ரப்பர் சரக்கைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. என்ன எழவுடா இது என்று சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன்.

"சனிக்கிழமைக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சிருங்க. இல்லேன்னா உங்கள பெர்மனன்ட் பண்றது கஷ்டம்மா," என்றார் மேனேஜர். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சனிக்கிழமை காலை திருநகர் வீட்டில் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார்.

"ஏத்தா, ஒம்போதுக்குள்ள கெளம்பிரு. அப்புறம் ராகுகாலம் வந்துரும்."

செருப்பில் ஒரு காலை விட்டபடி நின்றுவிட்டேன். காலண்டர் தாளைப் பார்த்தேன். செல்லில் இருந்த சார்ட் போட்டோவைப் பார்த்தேன். திங்கள் காலை, செவ்வாய் சாயங்காலம், புதன் மதியம். அட கடவுளே, எல்லாம் ராகுகாலம்! ஆனால் ராகுவுக்கும் ரப்பர் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இருந்த குழப்பம் இரட்டிப்பானது.

கம்பெனிக்குப் போனதும் நேராகக் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணனிடம் போய் நின்றேன். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மழுங்கிய பிளேடு குழாயை இழுத்து இழுத்து, அளவு தப்ப வெட்டிக்கொண்டிருந்தது. மற்ற நேரமென்றால் உடனே மாற்றிவிடுவார்.

"அண்ணே, பிளேடு மழுங்கிருச்சே, மாத்தலையா?"

"ராகுகாலம் போகட்டும்மா. புதுசை இப்ப மாட்டக் கூடாது." இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "இந்த நேரத்துல மாட்டப் போயித்தான் இது போச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். விரலைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"அப்ப ராகுகாலத்துக்கு முன்னாடியே மாத்திரலாம்லண்ணே?"

"தாராளமா மாத்தலாம். யாரு வேணாம்னா?"

மேனேஜரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் காலத்துலயும் இம்புட்டு மூடநம்பிக்கையா! படிச்ச நாமதான் இவங்கள மாத்தணும்மா," என்றபடி டிராயரைத் திறந்து, என்னைப் பெர்மனன்ட் ஆக்கும் ஆர்டரை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேனா மூடியைக் கழற்றியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூடியை மறுபடி மாட்டினார்.

"பத்தரைக்கு மேல வாங்கம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். "சரி சார், அதான் நல்லது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதைச் சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.