கேட்கப்படாதவர் யார்

நவம்பர், இரண்டாம் செவ்வாய். என் மனைவி புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் காலமானாள்.

டிசம்பர், முதல் திங்கள். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அவள் பணியாற்றிய பள்ளியில், அவளுடைய பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்த, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியனாகிய நான் தற்காலிகமாகச் சேர்ந்தேன்.

ஜனவரி, மூன்றாம் வாரம். மாதிரித் தேர்வு நடந்தது. விடைத்தாள்களை வேறொரு பள்ளியின் ஆசிரியர் திருத்தினார்.

ஜனவரி, கடைசி வெள்ளி. விடைத்தாள்கள் திரும்பி வந்தன. வகுப்பில் பெரும்பாலோருக்கு ஒரே வினாவில் பூஜ்யம். ஒரு மாணவி தேர்ச்சி பெறவில்லை.

அந்த வினா எளியது. நாடு விடுதலை அடைந்த ஆண்டையும், அதன்பின் மாநில எல்லைகள் மாறிய விதத்தையும் கேட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியது வேறு. 1947இல் எங்கள் ஊர் விடுதலை அடையவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அடைந்தது, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. 1954இல் இந்தியாவோடு இணைவதா என்று கீழூரில் வாக்கெடுத்தபோதும் மன்ற உறுப்பினர்களை மட்டுமே கேட்டார்கள், ஊராரைக் கேட்கவில்லை. அத்தனையும் உண்மை. கேட்ட கேள்விக்கு அது விடையன்று. திருத்தியவர்மேல் எனக்குக் குறையில்லை.

அவ்வாறு எழுதப் பழக்கியவள் என் மனைவி. ஆண்டு முழுவதும் எல்லாப் பாடங்களையும் ஒரே கேள்வியில் கோப்பாள்: முடிவெடுத்தவர் யார், கேட்கப்படாதவர் யார்? அணையும் காடும் தேர்தலும் அதற்குள் அடங்கிவிடும். ஆண்டுகளும் பெயர்களும் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பாள். மார்கழியில் அந்த ஒட்டவைக்கும் வேலையைத் தொடங்குவது அவள் வழக்கம். இவ்வாண்டு மார்கழியில் வகுப்பில் நின்றவன் நான். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறன்று, தேறாத மாணவியின் தந்தை வீட்டுக்கு வந்தார். கரும்புத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா இருந்தாங்க, நம்பி வுட்டுட்டேன். இப்ப இன்னா சார், பாஸாவுமா, ஆவாதா? அத மட்டும் சொல்லுங்க."

"இன்னும் நாள் இருக்கு."

"கம்பெனி வேன் வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவுது சார். அவ மாமன் பேசி வெச்சிருக்கான். ஃபெயிலானா வேலைக்கு அனுப்பிடுவேன். அப்புறம் நீங்க வந்து தப்புன்னு சொல்லக்கூடாது."

அவர் போனபின் அவர் மகளின் விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, ஆண்டு ஒருபுறம், நிகழ்வு மறுபுறம் என எழுதத் தொடங்கினேன். பின்னால் யாரும் எழுதும் ஓசை இல்லை.

"சார், இனிமே இப்டித்தானா?" என்றாள் தேறாத அந்த மாணவி.

"பரீட்சை கிட்ட வந்துடுச்சும்மா."

"அது தெரியும் சார். இத யாரு முடிவு பண்ணது? நீங்களா, ஹெச்.எம்.மா?"

"மிஸ்ஸு கேள்விய சாருக்கே திருப்பி வுடுறா பாருடா," என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"நான்தான்," என்றேன்.

"எங்கள கேக்கலியே."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். இரண்டு வழிகளையும் சொல்லி, எது வேண்டுமெனக் கை தூக்கச் சொன்னேன். அவள் பழைய வழியைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிடுவாளோ என்று அஞ்சவும் செய்தேன். கரும்பலகையில் உள்ளதே போதும் என்பவர்கள் யார் என்றபோது, முதலில் உயர்ந்தது அவள் கை.

"பாயிண்ட்டே குடுங்க சார். நான் பாஸாவணும்."

"அப்புறம் எதுக்குடி அவ்ளோ சீனு?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"கேட்டுட்டு குடுக்கட்டும்னுதான்."

மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அது நிலைக்கவுமில்லை. காலையில் ஒப்பித்ததை அந்த மாணவி பிற்பகலில் மறந்தாள். ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒருநாள் சைமன் குழு இந்தியாவுக்கு வந்த ஆண்டைக் கேட்டேன். முப்பத்தைந்து என்றாள், பிறகு பத்தொன்பது என்றாள். வேறு வழி தோன்றாமல், "அந்தக் குழுவுல யாரச் சேக்கல?" என்றேன்.

"நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்ல சார். அதான திரும்பிப் போன்னு கத்துனாங்க. உப்பு யாத்திரைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி..." விரல் மடக்கினாள். "இருபத்தெட்டு!"

என் மனைவி மார்கழியில் செய்தது இதுவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் வேறு சில ஆண்டுகளுக்கு இதே வழியை முயன்றேன். சில ஒட்டின, சில ஒட்டவில்லை. எஞ்சிய நாள்களில் இரண்டையும் கலந்து நடத்தினேன். எது அந்த மாணவியைக் காப்பாற்றும் என்று தெரியாமலே நடத்தினேன்.

பொதுத்தேர்வு முடிந்த பகலில் வாயிலருகே காத்திருந்தேன். மாதிரித் தேர்வில் வந்த அந்த வினா இதில் வரவில்லை என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கடைசியாக வந்தாள்.

"எப்படி எழுதின?"

"மேப்புல ரெண்டு வுட்டுட்டேன் சார். மத்ததெல்லாம் எழுதிட்டேன்."

"தேறிடுவியா?"

"தெரில சார்."

அவள் தந்தை வண்டியை நிறுத்தாமலே எனக்குத் தலையசைத்தார். அவள் ஏறிக்கொண்டாள். வேன்காரருக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்று கேட்க வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

இதுவரை செய்யாதவை:

தேர்வு முடிவு வரும்வரை மகளை வேலைக்கு அனுப்ப வேண்டாமென்று அவரிடம் நேரில் சொல்வது.

தேறாவிட்டால் துணைத்தேர்வுக்கு எப்போது, எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரிப்பது.

அடுத்த ஆண்டும் வருவேனா என்ற தலைமையாசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்வது.

ஆசிரியர் அறை மேசையிலிருந்து என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவருவது.