கறிவேப்பிலை மரத்தில் ஒரு ஜன்னல்

கொண்டைக்குருவிக் கூடு ஒன்றை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று, அதை மறைத்துக்கொண்டிருந்த இலைகளை நானே கத்தரித்தேன். தினம் ஒன்றிரண்டு இணுக்காக, ஆறு நாள். வயது ஐம்பத்திரண்டு, அலமாரி நிறையப் பறவைப் புத்தகங்கள், கழுத்தில் பைனாகுலர். இவ்வளவும் இருந்தும் செய்தேன்.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு மாதுளை, ஒரு துவைகல். நான் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகிறது. தை மாதத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, ஏதோ சொத்துத் தகராறு போலக் கத்திவிட்டுப் போகும். பங்குனியில் வெயில் ஏறியதும் மண்சட்டிக்கு மைனா, தேன்சிட்டு, அணில் எல்லாம் முறை வைத்து வரும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று நோட்டில் எழுதிவைப்பேன். சூரமங்கலத்தில் என் ஆபீஸுக்கு நான் வந்துபோன நேரத்தைக்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

சித்திரைக் கடைசியில் கறிவேப்பிலை மரத்தில், என் மார்பு உயரத்தில், ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியது. மூன்று முட்டை. அன்றிலிருந்து அந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மனைவி கடையில் கறிவேப்பிலை வாங்கினாள். அடுத்த வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டும் அம்மாள், பல வருடமாக எங்கள் மரத்தில்தான் பறித்துக்கொள்வார். கரண்ட் போன ஒரு மத்தியானம் வழக்கம்போல் வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி, அடைகாத்தல் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்கண்ணா, உங்கூட்டுல குருவி முட்டையுட்டா எங்கூட்டுல தாளிக்கக் கூடாதுங்களா?" என்றார்.

குஞ்சுகள் பொரிந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்வாசல் நாற்காலியிலிருந்து பார்த்தால் தாய்ப்பறவையின் வால் மட்டும்தான் தெரிந்தது. முதல் நாள் ஒரே ஒரு இணுக்கு. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இருந்தது. ஆறாம் நாள் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்துவிட்டது. மூன்று வாய்களும் ஆரஞ்சு நிறத்தில் திறந்து மூடுவதை வீடியோ எடுத்து உறவினர் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட பாராட்டு.

பக்கத்துக் காலிமனையின் சீமைக்கருவேலம் புதரில் ஒரு செம்போத்து இருந்தது. செம்பு நிறச் சிறகு, சிவந்த கண், சொந்த நிலத்தை அளக்க வந்தவரைப் போல நடை. வெளியே கிளம்பும்போது அது கண்ணில் பட்டால் காரியம் ஜெயம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பைக்கை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இடமாற்றம் பற்றிய பேச்சு வரும் நாட்களில், பையை மாட்டிக்கொண்டு அது தலைகாட்டும்வரை பின்வாசலில் நிற்பேன். செம்போத்து என்னென்ன தின்னும் என்று என் புத்தகத்தில் இருக்கிறது: நத்தை, வெட்டுக்கிளி, ஓணான், பிற பறவைகளின் முட்டை, குஞ்சு. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

வைகாசியில் ஒருநாள் காலை. இடமாற்றம் பற்றிப் பேச மேலதிகாரி வரச் சொல்லியிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். மதில்மேல் செம்போத்து. மனைவியை மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு, செருப்பைக் கீழே வைத்துக் கைகூப்பினேன்.

அது என்னைப் பார்க்கவில்லை. மதிலிலிருந்து இறங்கி, கறிவேப்பிலை மரத்தில் கிளை கிளையாக ஏறி, நான் வெட்டிய ஜன்னலுக்கு நேராக நின்று தலையை உள்ளே விட்டது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. முதல் குஞ்சு போனபோது கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. இரண்டாவதின்போதும். தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு அதன் தலையில் மோதின. ஈயை ஓட்டுவதுபோல ஒரு தடவை சிலுப்பிக்கொண்டது. மூன்றாவதை எடுத்துத் திரும்பியபோது அலகுக்கு வெளியே ஒரு சின்னக் கால் தொங்கியது. அப்போதுதான் கை பிரிந்தது. செருப்பை எடுத்து வீசினேன். அது தண்ணீர்ச்சட்டியை உடைத்தது. பின்னால் வந்து நின்ற மனைவி, போய்ச் சட்டியின் சில்லுகளைப் பொறுக்கினாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆபீஸுக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். தாய்க்குருவி மத்தியானம்வரை புழு கொண்டுவந்தது. கூட்டின் விளிம்பில் நின்று உள்ளே பார்க்கும். பறந்துபோய், அதே புழுவோடு திரும்பி வந்து, மறுபடியும் பார்க்கும். செம்போத்து செய்தது புத்தகத்தில் இருக்கிறது. நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆடிக் காற்றில் கூடு விழுந்தது. அதைப் பின்னியிருந்த நாரோடு அடுத்த வீட்டுத் தறி நூலும் நாலு இழை இருந்தது. ஐப்பசி மழையில் மரம் தழைத்து ஜன்னல் மூடிக்கொண்டது. குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று வாட்ஸப்பில் கேட்டவர்களுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தேன்.

கார்த்திகையில் தறிக்கார அம்மாள் கறிவேப்பிலைக்கு வந்தார். கிளையை நானே வளைத்துப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியில், யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன், கைகூப்பி நின்றது உட்பட. அவர் இணுக்குகளை முந்தானையில் போட்டபடியே கேட்டார். வாசல் கேட்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்குச் சகுனம் பாத்தது அந்தச் செம்போத்துதானுங்கண்ணா. காலங்காத்தால உங்க மொகத்துல முழிச்சிருக்குது."